ரேகையும் முகமும் சாதியும்

(கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘அடையாளம்’ என்கிற சொல் நம் இயக்கத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாகப் புழங்குகிறது. தலித் அடையாளம், பண்பாட்டு அடையாளம், அடையாள அரசியல் என்றெல்லாம் பேசியிருக்கிறோம். அது நாமே தேர்ந்தெடுத்து, தலைநிமிர்ந்து சொன்ன சொல். அதே சொல் அரசாங்கக் காகிதத்திலும் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. ‘வலது முழங்கையில் ஒரு மச்சம்’ என்று யாரோ பார்த்து எழுதுவார்கள். முதலாவதில் பேசுகிறவன் நான். இரண்டாவதில் நான் வெறும் உடம்பு. இன்றைக்கு நான் பேசப்போவது இந்த இரண்டாவது அடையாளத்தைப் பற்றித்தான். அது இப்போது கணிப்பொறிக்குள் போய்விட்டது. செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்து அதைப் படிக்கிறது.

‘பிரைவசி எல்லாம் பணக்காரன் கவலை சார், நமக்கென்ன மறைக்க இருக்கு?’ என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் வாழ்க்கையிலிருந்தே பதில் சொல்லலாம். 1917இல் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். சில நாளில் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. ‘நீ யார்?’ என்பதுதான் அவர்கள் முதலில் கேட்ட கேள்வி. அன்றைக்கே வெளியேற வேண்டியதாயிற்று. கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த மனிதனுக்கு ஒரு கட்டிலும் கூரையும் கிடைக்க, தன் சாதி தெரியாமல் இருக்க வேண்டியிருந்தது. இது பணக்காரன் கவலையா? அதே மனிதர்தான் 1947இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்ற வரைவில், மக்களின் உடலும் வீடும் காகிதங்களும் நியாயமில்லாத சோதனைக்கு ஆளாகக் கூடாது என்பதை அடிப்படை உரிமையாக எழுதினார். உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று புட்டசாமி வழக்கில் சொன்னது 2017 ஆகஸ்ட் 24. எழுபது வருஷம் கழித்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சாதியை மறைத்து வாழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இடஒதுக்கீடு கேட்க, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க, நாமே நம் சாதியைச் சொல்கிறோம். அது உரிமைக்குரல். வாடகைக்கு வீடு கேட்கும்போது ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்று கேட்கிறானே, அது பிடுங்கல். எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது, எதற்காகச் சொல்வது என்பதை நாம் தீர்மானிக்க வேண்டும். அந்தரங்கம் என்று நான் சொல்வது இந்த அதிகாரத்தைத்தான்.

இனி ரேகைக்கு வருவோம். விரல் ரேகை விஞ்ஞானம் லண்டனில் பிறந்தது என்று நினைக்கிறோம். 1858இல் வங்காளத்தில் ஹெர்ஷல் என்ற வெள்ளை அதிகாரி, சாலை போடச் சரளை கொடுக்கிற ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையை மையில் தோய்த்துக் காகிதத்தில் பதித்தார். ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று பின்னால் மறுக்கக் கூடாதாம். தொடக்கமே அவநம்பிக்கை. 1897இல் கல்கத்தாவில் விரல் ரேகைக் காப்பகம் வந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது, பிறப்பாலேயே குற்றவாளி என்று சமூகம் சமூகமாக ரேகை எடுத்தார்கள். நம் ஊரில் அதற்கு மக்கள் வைத்த பெயரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் செத்தார்கள். அவர்களோடு நமக்கு இருக்கும் சாதிக் கணக்கு வேறு. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் ரேகை வைக்க மாட்டேன் என்று நின்ற அந்தக் காலை நேரம் இந்த மண்ணின் போராட்ட வரலாற்றில் நமக்கும் பாடம்.

அதே 1920இல்தான் கைதிகளின் ரேகை எடுக்கும் சட்டமும் வந்தது. நூறு வருஷம் கழித்து, 2022இல், அதை எடுத்துவிட்டு குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது ரேகையோடு கண்ணின் கருவிழியையும் பதிவு செய்யலாம். 75 வருஷம் வரை வைத்துக்கொள்ளலாம். சந்தேகத்தில் முதலில் பிடிபடுவது யார் வீட்டுப் பையன் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சிறைப் பதிவேட்டில் இருந்த சாதிக் கட்டத்தையே 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் நீக்கச் சொன்னது. பழைய பதிவேட்டை வைத்துத்தான் புதிய இயந்திரம் பாடம் படிக்கிறது. செயற்கை நுண்ணறிவு வானத்திலிருந்து குதித்ததல்ல. ஏற்கெனவே எழுதி வைத்ததைத்தான் அது கற்றுக்கொள்கிறது. எழுதி வைத்தவன் யார்?

நான் வங்கியில் குமாஸ்தா. கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கிற சங்கதி ஒன்று உண்டு. செங்கல் சூளையில் மண் குழைக்கிறவர், அரிசி ஆலையில் நெல் அவிக்கிறவர், சுண்ணாம்பும் சிமெண்டும் கலக்கிறவர் விரல்களில் ரேகை தேய்ந்து போயிருக்கிறது. இயந்திரத்தில் வைத்தால் ‘பொருந்தவில்லை’ என்கிறது. துடைத்துவிட்டு வைக்கச் சொல்கிறோம். தலையில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றி வைக்கிறார்கள். மறுபடி ‘பொருந்தவில்லை’. முப்பது வருஷம் உழைத்ததற்கான அத்தாட்சி அந்த விரலில் இருக்கிறது. அந்த அத்தாட்சியையே காரணம் காட்டி, ‘நீ நீயில்லை’ என்கிறது இயந்திரம்.

இது சின்ன விஷயம் இல்லை. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. ஆதாரோடு இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. ‘சோறு கேட்டே செத்தாள்’ என்றார் தாய். மலேரியா என்றது அரசு. அடுத்த மாதமே, ஆதார் இல்லை என்பதற்காக ரேஷன் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. சாவுக்குப் பிறகு சுற்றறிக்கை.

இப்போது ரேகைக்குப் பதில் முகம். ‘முகம் தேயாது பாருங்க’ என்கிறார்கள். முகத்தை இயந்திரம் எப்படிப் படிக்கிறது? கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள தூரம் போன்றவற்றை எண்களாக்கி, வேறொரு எண் வரிசையோடு ஒப்பிட்டு, ‘இத்தனை சதம் ஒத்துப்போகிறது’ என்று சொல்கிறது. அது தருவது ஊகம்தான். 80 சதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பொருத்தம் என்று எடுத்துக்கொள்வதாக டெல்லி போலீஸ் 2022இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்தது. யார் முகத்தில் இந்த ஊகம் தப்புகிறது? ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் கருவிகளைச் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதம் வரை. நம்ம வெயில், நம்ம நிறம், நம்ம பெண்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டு போலீசும் முகம் அறியும் கருவியை வைத்திருக்கிறது. 2024 மே மாதம் அதன் இணையதளத்துக்குள்ளேயே திருட்டுத்தனமாகப் புகுந்தார்கள். ரேஷன் அட்டை எண் திருடுபோனால் மாற்றலாம். கடவுச்சொல் போனால் மாற்றலாம். முகம் போனால்?

பக்கத்துத் தெலங்கானாவில் அரசுத் துறைகளின் தகவல்களையெல்லாம் கணிப்பொறியில் கோத்து, ‘இவருக்குத் தகுதியில்லை’ என்று சல்லடை போட்டார்கள். ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் அட்டைகளை ஆளை வைத்து நேரில் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. சண்டிகரில் 2020இல் துப்புரவுத் தொழிலாளர் மணிக்கட்டில் இருக்குமிடம் காட்டும் கடிகாரம் கட்டினார்கள். எந்த வேலைக்காரன் கையில் முதலில் கட்டுகிறார்கள் பாருங்கள். மலக்குழியில் இறங்கியவன் எத்தனை பேர் செத்தான் என்று எண்ணக் கருவி இல்லை. அவன் எங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறான் என்று பார்க்கக் கருவி இருக்கிறது.

இன்னொன்று, படித்தவர்களுக்கு. ஒரு தலித் ஆய்வாளர் தன் விண்ணப்பத்தைத் திருத்தித் தரும்படி சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். அது இங்கிலீஷைத் திருத்தியதோடு நிற்காமல் அவர் பெயரையும் திருத்தி ‘சர்மா’ என்று போட்டுவிட்டது. 2025இல் செய்தியாக வந்தது. ஆய்வு செய்கிறவன் என்றால் சர்மாவாகத்தான் இருப்பான் என்று அந்த இயந்திரம் கற்று வைத்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் தங்குவதற்கு வேறு பெயர் தேவைப்பட்டது. இன்றைக்கு இயந்திரம் கேட்காமலேயே வேறு பெயர் கொடுக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 வரைவிலும் 2019 மசோதாவிலும் சாதியும் பழங்குடி அடையாளமும் ‘நுண்ணுணர்வுத் தகவல்’ என்று தனிப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்தன. 2023இல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பட்டியலே காணாமல் போனது. அரசு தான் விரும்பும் துறைகளுக்கு விலக்கு அறிவித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் திருத்தினார்கள். 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரு சொல்லை வைத்து, பயனாளி பட்டியல், கூலிப் பட்டியல், அதிகாரியின் கணக்கு எல்லாவற்றையும் மூடலாம். மேலே இருப்பவனுக்குத் திரை, கீழே இருப்பவனுக்குக் கண்ணாடி. பொதுநலன் பெரிதென்றால் தகவல் தரலாம் என்கிற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனு எழுதும்போது அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நம்ம பகுதிக்கு வருகிறேன். திருவள்ளூர் மாவட்டத்தில் சூளையிலும் அரிசி ஆலையிலும் கொத்தடிமையாக இருந்து மீண்ட இருளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் வாங்க கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிறார்கள். ‘நீ இருளன்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ இதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருக்கிறது. 2021இல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை என்ற சொல்லே இல்லை. இவர்களைக் கணக்கெடுக்கத் தெரிந்த அரசுக்குக் குடிமக்களாக எழுதத் தெரியவில்லை. சிப்காட்டில் ஒடிசா, பீகார் தோழர்கள் வேலை செய்கிறார்கள். ஊர் விட்டு வந்தவனுக்கு அட்டைதான் உயிர். அதனால்தான் அட்டையைப் பிடித்தவன் ஆளையே பிடித்தவனாகிறான்.

ஆக நம் கோரிக்கைக்கு இரண்டு பக்கம். ஒன்று: எங்களைக் குடிமக்களாக எழுது. இரண்டு: எங்களை எட்டிப் பார்க்காதே. முரண்பாடு மாதிரித் தெரியும். இரண்டும் ஒன்றுதான், எங்களை மனிதர்களாக நடத்து.

செய்ய வேண்டியவை சில. ரேகை பொருந்தவில்லை என்று ரேஷனோ பென்ஷனோ மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அசல் அட்டையை ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காதீர்கள். நகல் கொடுத்தால் அதன் மேலேயே எதற்காக, என்ன தேதி என்று எழுதுங்கள். ஆதாரில் ரேகையைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. மாணவர்கள் தெருத்தெருவாகப் போய் அதைச் சொல்லிக்கொடுக்கலாம். கண் சிமிட்ட முடியாததால் வங்கிக் கணக்கு மறுக்கப்பட்ட, அமிலவீச்சில் தப்பிய பெண் ஒருவர் வழக்குப் போட்டார். 2025 ஏப்ரல் 30இல் உச்ச நீதிமன்றம், எண்ணியல் சேவை பெறுவதும் வாழ்வுரிமையின் பகுதி, மாற்று வழி கொடு என்றது. தேய்ந்த விரலுக்கும் அந்தத் தீர்ப்பை வைத்து வாதாட முடியும். வக்கீல் தோழர்கள் கவனிக்க வேண்டும். போலீஸ் எந்தக் கருவி வாங்கியது, அதன் பிழை எத்தனை சதம் என்று தகவல் கேட்டு மனுப் போடுங்கள். சாதியைத் தனிப் பாதுகாப்புக்குரிய தகவலாகச் சட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பது நம் மாநாடுகளில் தீர்மானமாக வர வேண்டும்.

இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. ‘பொருந்தவில்லை’ என்று அது சொன்னால், பதில் சொல்ல எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று சொல்கிறேன். அந்த மனிதனிடம் கேள்வி கேட்க நமக்குச் சட்டமும் வேண்டும், சங்கமும் வேண்டும். சட்டத்தை நீதிமன்றத்தில் கேட்போம். சங்கத்தை இந்தக் கூட்டத்திலிருந்தே தொடங்கலாம்.