கித்தார் வாசிக்கும் பிள்ளைக்கு எந்தப் பதிவுக் கருவி?



வீட்டில் கித்தார் வாசிக்கும் பிள்ளை இருந்தால், ஓராண்டு ஈராண்டுக்குள் ஒரு வேண்டுகோளோடு பெற்றோர் முன் வந்து நிற்கும். "அப்பா, நான் வாசிக்கிறதப் பதிவு பண்ண ஒரு செட்டு வாங்கணும்" என்று கேட்கும். அப்பாவுக்கு உடனே இரண்டு கவலைகள் எழும். ஒன்று, என்ன விலை? மற்றொன்று, இதற்காக ஒரு கணினியும் வாங்க வேண்டி வருமோ? இரண்டும் நியாயமான கவலைகளே. இன்றைய உரையில் இவற்றைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறோம்.

முதலில் பிள்ளையின் பக்கத்தைப் பேசிவிடுவோம். கித்தார் வாசிப்பவர் தம் வாசிப்பைத் தாமே சரியாகக் கேட்பது கடினம். இடக்கை விரல்கள் கம்பியை அழுத்த வேண்டும், வலக்கை மீட்ட வேண்டும், வாய் பாட வேண்டும். இத்தனை வேலைக்கு நடுவே காது எங்கே தனியாக நின்று கேட்பது? பாட்டின் பாதியில் தாளம் ஓடத் தொடங்கியதும், கார்டு மாற்றும்போது ஒரு கம்பி சத்தமின்றிச் செத்துப் போனதும், மறுநாள் பதிவைப் போட்டுக் கேட்டால்தான் தெரியும். ஆசிரியர் வைத்துக் கற்பிக்க வசதியில்லாத வீட்டில் பதிவுக் கருவி பாதி ஆசிரியர். ஆகவே விளையாட்டுச் சாமான் கேட்கிறது பிள்ளை என்று தள்ளிவிட வேண்டாம்.

அடுத்தது கணினி. இசையைப் பதியக் கணினி கட்டாயம் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்ததுதான். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை வெளியிட்டது 1963-இல். அந்தச் சிறிய ஒலிநாடாவிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் 'போர்ட்டாஸ்டூடியோ 144' என்ற பெட்டியை 1979-இல் ஜப்பானின் டீயாக் நிறுவனம் கொண்டு வந்தது. தடம் என்றால், ரயிலுக்கு ஒரு தண்டவாளம் போல ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு தனிப் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில், நியூஜெர்சி மாநிலத்துக் கோல்ட்ஸ் நெக் என்னும் ஊரில், வாடகை வீட்டின் படுக்கையறையில் இந்தப் பெட்டியையும் இரண்டு ஷூர் எஸ்.எம்.57 ஒலிவாங்கிகளையும் வைத்துக்கொண்டு பாடிப் பதிந்தார். தம் குழுவினருக்குக் காட்டும் மாதிரியாகத்தான் பதிந்தார். பிறகு பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் வாத்தியக் குழுவோடு முயன்று பார்த்தபோது, படுக்கையறையில் கிடைத்தது அங்கே கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக அதே ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது. மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கேசட்டிலிருந்து இசைத்தட்டு வெட்டுவதற்குள் பொறியாளர்கள் படாத பாடு பட்டார்கள். கருவி எளியதாக இருக்கலாம்; கையாளுவதில் கவனம் குறைந்தால் பின்னால் சிரமம்.

இனிக் கடைக்குப் போகும் முன் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வாசிப்பதையும் பாடுவதையும் ஒரே மூச்சில் பதியப் போகிறதா, அல்லது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பதியப் போகிறதா? கருவியின் வகையும் விலையும் இந்தப் பதிலைப் பொறுத்தே அமைகின்றன.

ஒரே மூச்சில் பதிந்தால் கித்தாரும் குரலும் சேர்ந்தே உள்ளே போகின்றன. பிறகு குரலை மட்டும் சற்று உயர்த்த வேண்டுமென்றால் எளிதல்ல. பாலில் கலந்த தண்ணீர்தான். அதைப் பிரிக்கிற அன்னப்பறவை புலவர்களிடம் மட்டுமே இருந்தது. அடுக்கிப் பதிவதில், முதலில் கித்தாரை மட்டும் ஒரு தடத்தில் பதிகிறோம். பிறகு அதைக் காதுப்பொறியில் கேட்டுக்கொண்டே குரலை அடுத்த தடத்தில் பதிகிறோம். மூன்றாவதில் இன்னொரு கித்தார், நான்காவதில் தபேலாவோ தட்டொலியோ சேர்க்கலாம். ஒவ்வொன்றின் அளவையும் கடைசியில் தனித்தனியே கூட்டலாம், குறைக்கலாம். ஒருவரே நான்கு பேராக வாசிக்கலாம். ஆனால் இதற்குப் பொறுமையும் தாளக்கட்டும் வேண்டும். தொடக்க நிலையில் உள்ள பெரும்பாலோருக்கு முதல் வகையே போதும் என்பது நம் கருத்து.

அந்த முதல் வகைக்கு உரிய கருவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது. கைப்பேசிதான். அதில் ஒரு குறை உண்டு. அதைப் புரிந்துகொண்டால் போதும். பேச்சைப் பதிவதற்கென்று அமைந்த செயலிகள், ஒலி தாழ்ந்தால் தாமே உயர்த்தும், உயர்ந்தால் தாமே தாழ்த்தும். பழைய ரேடியோ கேசட்டிலும் இந்த ஏற்பாடு இருந்தது. பேச்சுக்கு நல்லது, பாட்டுக்குக் கேடு. பாட்டின் நடுவே ஓர் அமைதி வந்தால், கருவி காதைத் தீட்டிக்கொள்கிறது. செம்பனைக் காட்டுச் சில்வண்டுகளெல்லாம் வீட்டுக்குள் புகுந்துவிட்டாற்போல் இரைச்சல் எழுகிறது. அடுத்த நொடி கித்தாரை ஓங்கி மீட்டினால், யாரோ தலையணையால் அமுக்கியது போல ஒலி அடங்குகிறது. பிள்ளை தன் வாசிப்பில் குறை என்று நினைத்துச் சோர்ந்துவிடும். குறை வாசிப்பில் இல்லை. தானாக ஒலியைத் திருத்தும் ஏற்பாட்டை நிறுத்தக்கூடிய செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூர் நிறுவனமான பேண்ட்லேப்பின் செயலியிலும், ஆப்பிள் கைப்பேசிகளுக்கான கேரேஜ்பேண்டிலும் பல தடங்களை அடுக்கவும் முடியும். இரண்டையும் பணம் கட்டாமலே பயன்படுத்தலாம். பதியும்போது விமான நிலையில் வைத்துவிடுங்கள். இல்லையேல் நல்ல இடத்தில் பெரியப்பாவின் அழைப்பு வந்து சேரும். ஆறு மாதம் இப்படிப் பழகிய பிறகும் ஆர்வம் தணியாதிருந்தால் கருவி வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

வாங்குவதென்றால் முதலில் பார்க்க வேண்டியது கையடக்கப் பதிவுக் கருவி. ஜூம், டாஸ்காம் ஆகிய ஜப்பானிய நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. ஏறக்குறைய ஒரு டார்ச்சு விளக்கின் அளவு. தலைப்பில் இரண்டு ஒலிவாங்கிகள் பொருந்தியிருக்கும், சாதாரண பேட்டரியில் ஓடும், ஒரு பொத்தானை அழுத்தினால் பதியும். உள்ளே சிறு நினைவக அட்டை. ஒலித்தட்டின் தரத்தில் ஒரு நிமிடப் பதிவு சுமார் 10 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். 32 கிகாபைட் அட்டையில் ஏறத்தாழ 50 மணி நேரம் பதியலாம். ஒலி அளவைக் காட்டும் கோடு, மிக ஓங்கி வாசிக்கும்போதும் கழித்தல் 12 டெசிபல் அருகில் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிநாடாக் காலத்தில் முள் சற்றே சிவப்பைத் தொட்டாலும் நாடா பொறுத்துக்கொள்ளும். எண்முறைக் கருவி பொறுக்காது. உச்சத்தைத் தாண்டிய ஒலி கரகரவென்று உடைந்துவிடும், அதைப் பிறகு சீராக்க முடியாது. 2024-இல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் போன்றவற்றில் இந்த அளவைத் திருகி வைக்கும் வேலையே இல்லை. கிசுகிசுப்பையும் கூச்சலையும் ஒன்றாகத் தாங்கும் 32 பிட் மிதவை முறையில் பதிகின்றன. ஆனால் அந்தப் பதிவு இரட்டிப்பு இடம் பிடிக்கும். சில கைப்பேசிச் செயலிகள் அதைத் திறக்க மறுக்கும்.

இந்தக் கையடக்கக் கருவியை நாம் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கித்தாருக்கு மட்டும் என்று இது நிற்காது. பாட்டி பாடும் தாலாட்டு, கும்மிப்பாட்டு, பால்மரக் காட்டில் அக்காலத்தில் வேலையோடு பாடிய பாட்டுகள் எல்லாம் பல வீடுகளில் ஒருவர் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பேரப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவியை மேசைமேல் வைத்துவிட்டு, "பாட்டி, அந்தப் பாட்டைப் பாடுங்க" என்றால் அது பதிந்துவிடும்.

அடுக்கிப் பதிய விரும்பும் பிள்ளைக்குப் பல தடக் கருவி வேண்டும். 2024-இல் வந்த ஜூம் ஆர்4 நான்கு தடங்கள் கொண்டது. அதற்கு முன்பு வந்த டாஸ்காம் டிபி-006 ஆறு தடங்கள் கொண்டது. உள்ளேயே இரண்டு ஒலிவாங்கிகள் உண்டு. இவை கணினியில்லாமல் தாமே இயங்கும். நான்கு தடம் போதுமா என்று பிள்ளை கேட்கும். நிரம்பிய தடங்களை ஒன்றாகக் கலந்து இறக்கிவிட்டு, மற்றவற்றை மறுபடி காலியாக்கிக்கொள்ளும் வழி இருக்கிறது. போர்ட்டாஸ்டூடியோ காலத்திலிருந்து எல்லாரும் செய்துவருவதுதான். விலை கையடக்கக் கருவியைவிடக் கணிசமாகக் கூடும். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விலைச்சீட்டைப் பாருங்கள். பாதி மாதச் சம்பளத்தை விழுங்கும் கருவியைத் தவணையில் எடுத்துவிட்டு, மூன்றாம் மாதம் அலமாரிமேல் ஏற்றி வைப்பதில் பிள்ளைக்கும் மகிழ்ச்சி இல்லை.

விளம்பரங்களைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. இணையக் கடைகளில் ஒலிவாங்கி, தாங்கி, பஞ்சு உறை, கம்பி எல்லாம் சேர்த்து மலிவாக ஒரு கட்டாக விற்கிறார்கள். படத்தில் பார்த்தால் ஒலிபரப்பு நிலையமே வீட்டுக்கு வந்துவிடும் போலத் தோன்றும். வந்த பிறகு பார்த்தால், கணினியில் செருகினால்தான் வேலை செய்யும். 'ஆடியோ இன்டர்ஃபேஸ்' என்று சொல்லும் பெட்டி ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் வாசல் மட்டுமே; பெரும்பாலும் அது தானாக எதையும் பதியாது. கண்டென்சர் என்ற வகை ஒலிவாங்கிகளில் பல, 48 வோல்ட் மின்சாரம் கொடுத்தால்தான் விழித்துக்கொள்ளும். அதைக் கொடுக்கும் வசதி சிறிய பதிவுக் கருவிகளில் பெரும்பாலும் இல்லை. டைனமிக் வகைக்கு அந்தத் தேவை கிடையாது. நாம் முன்பு சொன்ன எஸ்.எம்.57 அந்த வகைதான்.

மின்கித்தார் வாசிப்பவர் இன்னொன்றையும் கேட்க வேண்டும். கித்தார்க் கம்பியை நேராகச் செருகும் துளை கருவியில் இருக்கிறதா? வெறும் ஒலிவாங்கித் துளையில் செருகினால் ஓசை மெலிந்து, மங்கிப் போய்விடும். கித்தார் என்றோ, 'இன்ஸ்ட்' என்றோ, 'ஹை-இசட்' என்றோ குறியிட்ட துளை அல்லது பொத்தான் வேண்டும். கைப்பேசியில் கித்தாரைச் செருகும் இணைப்பி வாங்குவோர் செருகியின் வடிவத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆப்பிள் கைப்பேசிகளே 2023-இல் ஐபோன் 15-இலிருந்து வேறு வடிவத்துக்கு மாறிவிட்டன.

காதுப்பொறி, கம்பி உள்ளதாகவே இருக்கட்டும். கம்பியில்லாத புளூடூத் காதுப்பொறியில் ஒலி ஒரு விநாடியின் சிறு பங்கு தாமதித்து வந்து சேர்கிறது. பாட்டுக் கேட்க அது ஒன்றும் செய்யாது. அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தை வாசித்தால், பிள்ளை எவ்வளவு சரியாக வாசித்தாலும் தாளம் பின்தங்கியே பதியும். காதை முழுவதும் மூடும் கம்பிக் காதுப்பொறியாக இருந்தால், முன் தடத்தின் ஒலி வெளியே கசிந்து ஒலிவாங்கிக்குள் போகாது.

எந்தக் கருவியானாலும் அறைதான் பாதி வேலை செய்கிறது. சிமெண்டுத் தரையும் வெறும் சுவரும் உள்ள அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். தரையில் பாய் விரியுங்கள். பின்னால் கம்பளியைத் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைப்பதும் உதவும். மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் பிற்பகல் மழை இறங்கிவிட்டால் அன்றைக்குப் பதிவை மறந்துவிடலாம். காலையிலேயே முடித்துக்கொள்வது நல்லது. கருவியைக் கித்தாரின் வட்டத் துளைக்கு நேரே வைக்காதீர்கள், கும்மென்று அடைக்கும். கழுத்தும் உடலும் சேருமிடத்தைப் பார்த்தபடி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் வையுங்கள். பாடிக்கொண்டே வாசிப்பதானால் இன்னும் ஒரு சாண் பின்னுக்கு இழுத்து, நெஞ்சுயரத்துக்கு ஏற்றுங்கள். குரல் குறைவாக இருந்தால் இன்னும் மேலே, கித்தார் குறைவாக இருந்தால் கீழே. இந்த இடமாற்றத்துக்குக் காசு செலவில்லை. ஒலியிலோ பெரிய வித்தியாசம் தெரியும்.

நேரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். லயத்து வீடுகளில் சுவர் ஒன்றுதான், குடும்பம் இரண்டு. விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய அண்ணனும் அக்காவும் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குவார்கள். மின்கித்தாரை நேராகக் கருவியில் செருகிக் காதுப்பொறியில் கேட்டால் பக்கத்து வீட்டாருக்குக் கம்பியின் மெல்லிய ஓசை மட்டுமே கேட்கும். மரக்கித்தாரானால் இரவு ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பதியத் தொடங்கும்போது தேதியையும் பாட்டின் பெயரையும் வாயால் சொல்லிவிட்டு வாசிக்கப் பழக்குங்கள். வானொலி நிலையங்களில் இருந்த வழக்கம் இது. கருவி தானாக இடும் எண்களை மட்டும் வைத்து ஒரு மாதம் கழித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. நல்லவற்றை அட்டையிலேயே விட்டுவைக்காமல், அட்டை படிக்கும் சிறு இணைப்பியால் கைப்பேசிக்கும், அங்கிருந்து வீட்டிலுள்ள இன்னொருவர் கைப்பேசிக்கும் படியெடுத்து வைக்க வேண்டும்.

பழைய கருவி வாங்குவோர் கையில் இரண்டு புதுப் பேட்டரியும் ஓர் அட்டையும் கொண்டு போங்கள். பேட்டரி அறையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ கசிவு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே ஐந்து நிமிடம் பதிந்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒலி வருகிறதா என்று காதுப்பொறியில் கேட்ட பிறகு பணத்தை எண்ணிக் கொடுங்கள்.