அலமாரி இல்லாத நூலகம்

நூலகம் மற்றும் தகவல் அறிவியலில் இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலுக்கு வகுத்த ஐந்து விதிகள் 1931-இல் நூலாக வந்தன. அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடி மேலவாசலிலிருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. உருவாக்கியவர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை, தொடங்கிவைத்தவர் ரங்கநாதன். கைப்பேசி வழி நூலகச் சேவையை அந்த வண்டியின் வாரிசு என்று சொல்வது இப்போது வழக்கம். எனக்கு அதில் ஒரு நெருடல் உண்டு. வண்டியில் வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டலாம். தேடிய நூலுக்குப் பக்கத்து நூலும் கண்ணில் படும். வண்டியோடு வந்தவரிடம் கேட்கலாம். கைப்பேசியில் அலமாரியும் இல்லை, ஆளும் இல்லை; ஒரே ஒரு தேடல் கட்டம்தான். அந்த இரண்டும் செய்த வேலை முழுவதும் இப்போது நூற்பட்டியலின் தலையில் விழுகிறது.

ஓர் உதாரணம். தமிழறிஞர் உ.வே. சாமிநாதையர், சாமிநாத ஐயர், உ.வே.சா. எல்லாம் ஒருவரே. பேருந்தில் நின்றபடி வாசகர் ‘உவேசா’ என்று புள்ளியில்லாமல் அடிக்கிறார். இந்தப் பெயர் வடிவங்களை யாரும் இணைத்து வைக்காவிட்டால் ‘முடிவுகள் இல்லை’ என்று வரும். நேரில் வந்திருந்தால் நூலகர் கைநீட்டி அலமாரியைக் காட்டியிருப்பார். இங்கே வாசகர் நூலகத்தில் உ.வே.சா. புத்தகமே இல்லை என்று முடிவுகட்டிச் செயலியை மூடிவிடுவார். ஒருவரின் பெயர் வடிவங்களை ஒன்றாக இணைத்துவைக்கும், வகுப்பில் கொட்டாவி வரவழைத்த அதாரிட்டி ஃபைல்தான் இந்த இடத்தில் நூலகரின் கை.

நூல் கிடைத்த பிறகும் சிக்கல் தீர்வதில்லை. தமிழில் மின்னாக்கம் செய்யப்பட்ட பழைய நூல்களில் பல வெறும் பக்கப் படங்கள். அழியவிருந்ததைக் காத்த அந்த உழைப்பைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் உள்ளங்கை அகலத் திரையில் ஒரு வரியைப் படிக்க விரலால் பெரிதாக்கி, வலப்பக்கம் இழுத்து, அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் தள்ளும்போது எந்த வரியில் இருந்தோம் என்பதே தவறிப்போகிறது. படத்துக்குள் சொல்லைத் தேட முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதன்முன் ஊமையாகிவிடும். பார்வையற்றோர் படிப்பதற்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா; நம் கோப்புகளோ இன்னும் பேசவில்லை. எழுத்துணரி கொண்டு மாற்றி, மனிதக் கண்ணால் பிழைதிருத்தி, ஒருங்குறியில் வைத்தால்தான் அது கைப்பேசிக்கான நூல்.

கைப்பேசி கவனத்தைக் குலைக்கும் கருவி, அதில் நூலகம் எதற்கு என்பார்கள். நீண்ட நாவலுக்கு அச்சுநூலே மேல் என்பது என் கருத்தும்தான். ஆனால் நூல் இருக்கிறதா என்று பார்க்கவும், முன்பதிவு செய்யவும், தவணையை நீட்டிக்கவும் ஒருவர் அரைநாள் கூலியை விட்டு நூலகத்துக்கு வரவேண்டுமா? வீட்டுக்கே ஒரே கைப்பேசி உள்ள குடும்பங்கள் என்னாகும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஓர் எண்ணுக்கு ஒரே உறுப்பினர் என்று செயலியை அமைத்தால் பெரும்பாலும் வெளியே நிற்பவர் அந்த வீட்டுப் பெண்பிள்ளைதான். ஒரே எண்ணில் பல அட்டைகளை ஏற்கவேண்டும். குறுஞ்செய்தியிலும் சேவை கிடைக்கவேண்டும். கட்டடத்தின் கதவும் திறந்தே இருக்கவேண்டும். தேடுபொறி இருக்கையில் நூலகர் எதற்கு என்பாருக்கு மேலே சொன்ன உ.வே.சா. கதையே பதில்: இணைத்து வைக்காத பெயரையும் எழுத்தாக மாறாத படத்தையும் எந்தப் பொறியும் முழுதாகக் கண்டெடுப்பதில்லை.

வேலையில் சேரும் முதல் நாள், உங்கள் நூலகத்தின் தேடல் கட்டத்தில் ‘உவேசா’ என்று அடித்துப் பாருங்கள். என்ன வருகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.