ஆளைக் குறைத்த பிறகு வந்த அழைப்பு



1999 செப்டம்பரில் சிட்னியிலோ மெல்பர்னிலோ இருந்தவர்களுக்கு அந்த நாட்கள் மறந்திருக்காது. ஆகஸ்ட் 30ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில் இந்தோனேசியாவின் பிடியில் இருந்த கிழக்குத் திமோரில் வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் விடுதலை வேண்டும் என்றார்கள். முடிவு வெளியான கையோடு அதன் தலைநகர் டிலி பற்றி எரிந்தது. இங்கே இரண்டு நகரங்களிலும் மக்கள் வீதிக்கு வந்தார்கள். துறைமுகத் தொழிலாளர்கள் இந்தோனேசியாவுக்குப் போகும் சரக்கைத் தொட மறுத்தார்கள். "படையை அனுப்பு" என்று ஊரே கேட்டது. இலங்கையில் உயிர் தப்பி இங்கே வந்து சேர்ந்த நம்மவர்களுக்கு, ஒரு சின்ன இனத்துக்காகப் பக்கத்து நாடு இப்படிக் குரல் கொடுப்பதன் மதிப்பைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அனுப்புவதற்கு ஆள் இருந்ததா?

1980களின் கடைசியில் ஆஸ்திரேலியாவின் முப்படைகளிலும் சுமார் 70,000 முழுநேர வீரர்கள் இருந்தார்கள். பத்தே ஆண்டுகளில் அது 50,000 அளவுக்கு இறங்கியது. பனிப்போர் முடிந்துவிட்டது, இனிச் செலவைக் குறைக்கலாம் என்று 1991இல் லேபர் அரசு தொடங்கியதை, 1997இல் லிபரல் கட்சியின் ஹோவர்ட் அரசு தொடர்ந்தது. இந்த விஷயத்தில் இரண்டு கட்சிகளுக்கும் பேதம் இல்லை.

வெட்டு எங்கே விழுந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். துப்பாக்கி ஏந்துபவரைக் குறைத்தால் பத்திரிகையில் செய்தி வரும். ஸ்டோர் கணக்குப் பார்ப்பவர், லாரி மெக்கானிக், சமையற்காரர், மருத்துவ உதவியாளர் போனால் வெளியே யாருக்கும் தெரியாது. அந்த வேலைகளில் பலவும் தனியார் ஒப்பந்தத்துக்குப் போயின. ஊருக்குள் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கடல் தாண்டிப் போக வேண்டி வந்தபோதுதான் சிரமம் தெரிந்தது.

ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. 1999 மார்ச்சிலேயே, டார்வினில் இருந்த முதலாம் பிரிகேடை 28 நாள் முன்னறிவிப்பில் புறப்படும் நிலைக்குக் கொண்டுவர அரசு முடிவு செய்தது. ஆயத்தம் என்பது இதுதான்: அழைப்பு வந்த நாளிலிருந்து எத்தனை நாளில் வண்டி, மருந்து, உணவு, உதிரிப்பாகம் எல்லாவற்றோடும் கிளம்ப முடியும் என்ற கணக்கு.

செப்டம்பர் 20ஆம் தேதி மேஜர் ஜெனரல் பீட்டர் காஸ்குரோவ் தலைமையில் பன்னாட்டுப் படை டிலியில் இறங்கியது. அதில் ஆஸ்திரேலியர்கள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி டார்வினுக்கும் டிலிக்கும் ஓய்வில்லாமல் ஓடியது ஜெர்விஸ் பே என்ற கப்பல். அது டாஸ்மேனியாவில் கட்டிய ஒரு கட்டமரான் ஃபெரி. சில மாதங்களுக்கு முன்புதான் கடற்படை அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தது. ஒரு நாட்டின் படைநகர்வு வாடகைக் கப்பலை இவ்வளவு நம்பியிருந்தது.

பணி வெற்றிதான், அந்த வீரர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் எதிரே முழுமையான போர் மூளவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் பிறகு தரைப்படைக்கு மீண்டும் ஆள் சேர்க்கவும் செலவை ஈடுகட்டவும் தனியாக ஒரு திமோர் வரியே அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டார்கள். 2000ஆம் ஆண்டின் பாதுகாப்பு வெள்ளை அறிக்கை, படைபலத்தை 54,000 ஆக்க வேண்டும் என்றது.

இன்றைய இலக்கு என்ன தெரியுமா? 2030களின் தொடக்கத்தில் 69,000. நாற்பது ஆண்டுகளுக்கு முன் கையில் இருந்த எண்ணிக்கையை இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம். 2024இல் நாலாயிரத்துக்கு மேல் ஆள் குறைவு. அதனால் நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா, கனடா நாட்டவர் இங்கே நிரந்தர வதிவுரிமை பெற்று ஓராண்டு வாழ்ந்திருந்தால் படையில் சேரலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டோடு இருக்கும் நம் பிள்ளைகள் குடியுரிமை பெற்றால்தான் சேரலாம். 2024-25இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தது நல்ல செய்தி.

இருந்தாலும் ஒரு சார்ஜென்ட் உருவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும், அந்தப் பதவியை நீக்க ஒரு பட்ஜெட் இரவு போதும். சேர்ந்தவர்களைத் தக்கவைப்பது அதைவிடக் கடினம். படைவீரர் தற்கொலைகளை விசாரித்த அரச ஆணையம் 2024 செப்டம்பரில் 122 பரிந்துரைகளைத் தந்தது. 1997 முதல் 2021 வரை குறைந்தது 1,677 பேர் தற்கொலையால் இறந்ததாக அது பதிவு செய்திருக்கிறது. இத்தனை குடும்பங்களின் துயரத்தைப் பார்த்த பிறகு, எந்தத் தாய் தன் பிள்ளையை நம்பி அனுப்புவாள்?

பிரிட்டன், அமெரிக்காவோடு செய்த ஆக்கஸ் ஒப்பந்தத்தின் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு 36,800 கோடி டாலர் வரை ஆகும் என்பது அரசே சொன்ன கணக்கு. அடுத்த தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அந்தக் கப்பல்களைப் பற்றிக் கேளுங்கள். கூடவே, அவற்றில் ஏறப்போகும் பிள்ளைகளையும், வேலை முடிந்து வீடு திரும்பியவர்களையும் பற்றிக் கேளுங்கள். அந்த 122 பரிந்துரைகளில் எத்தனை நடைமுறைக்கு வந்தன என்று கேட்டு, பதில் வரும்வரை விடாதீர்கள்.