விதை கொடுத்து விதை வாங்கும் விழா

(நிலாவெளியில் நிகழ்ந்த மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

தோட்டமும் தொண்டும் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு மன்றத்தினர் என்னைப் பணித்தார்கள். மணல் நிலத்தில் கிணற்று நீர் இறைத்துச் சின்ன வெங்காயம் விளைவிக்கும் நிலாவெளி மக்களுக்குப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தோட்டத்தைப் பற்றிச் சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும். ஆகவே பயிரிடும் முறையைப் பற்றி நான் பேசப்போவதில்லை. தொண்டர்கள் கூடி நடத்திய ஒரு விழாவின் வரலாற்றைச் சொல்லி, அதிலிருந்து நமக்கு ஆகவேண்டியது என்ன என்பதை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றை நாம் எல்லோரும் அறிவோம். மழை பெய்யும் நள்ளிரவில் அடியார் ஒருவர் வந்தார். வீட்டிலோ ஒரு பிடி அரிசியும் இல்லை. அன்று பகலில் வயலில் விதைத்த நெல்லையே இருளில் வாரிக்கொண்டு வந்து அமுது சமைத்தார்கள். வேளாண் குடும்பம் எதைத் தொட்டாலும் விதையைத் தொடமாட்டாது. அதையும் கொடுத்தாரே என்பதில்தான் அந்தத் தொண்டின் பெருமை விளங்குகிறது. நான் கல்வி பயின்ற மிஷன் பாடசாலையிலே விதைக்கிறவனின் உவமையை ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விதை எந்த நிலத்தில் விழுந்தது என்பதே அங்கே கேள்வி; விதைப்பவன் கையில் விதை இருக்கிறது என்பது சொல்லாமலே கொள்ளப்பட்டது. இன்று அந்த எடுகோளே ஆட்டங் கண்டுவிட்டது. விதை நம் கையில் இல்லை, கடையில் இருக்கிறது.

இனி விழாவின் கதைக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலே காவிரிப் படுகையில் திருத்துறைப்பூண்டி என்றொரு ஊர் உண்டு. 1960களின் நடுவிலிருந்து புதிய குட்டை நெல் இனங்கள் அப்பகுதியில் பரவின. விளைச்சல் பெருகியது, பஞ்சம் நீங்கியது. அந்த நன்மையை மறுப்பது நன்றி மறப்பதாகும். ஆனால் அதே வேகத்தில் காட்டுயாணம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை, குழியடிச்சான் முதலிய பழைய நெல் இனங்கள் வயலை விட்டு நீங்கின. கேட்டால் பெயர் சொல்வார்கள். காட்டுவதற்கு ஒரு கதிர் இராது.

2003ஆம் ஆண்டு, இயற்கை வேளாண்மைக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்த கோ. நம்மாழ்வார் அவர்கள் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை உழவர்களிடையே ஒரு பிரசார யாத்திரை நடத்தினார். அதிலே கலந்துகொண்டவர்களில் ஒருவர் திருத்துறைப்பூண்டிக்கு அண்மையிலுள்ள கட்டிமேட்டைச் சேர்ந்த இரா. ஜெயராமன். வழியில் முதிய உழவர்கள் தாம் காத்து வைத்திருந்த பழைய விதைகளில் கைப்பிடியளவு கொடுத்தார்கள். அதை அவர் வீட்டில் அலங்காரமாக வைத்துக்கொள்ளவில்லை, விதைத்துப் பெருக்கினார். 2006ஆம் ஆண்டு ஆதிரெங்கம் என்னும் சிற்றூரில் முதலாவது நெல் திருவிழா கூடிற்று. பின்னர் ஆண்டுதோறும் நடந்த அவ்விழாவினாலேயே அவர் பெயர் 'நெல்' ஜெயராமன் என்றாயிற்று. அவர் தேடித் திரட்டிய நெல் இனங்கள் 170க்கும் மேற்பட்டவை.

அவ்விழாவின் சட்டம் ஒன்றே ஒன்று. வருகின்ற உழவருக்கு 2 கிலோ விதைநெல் விலையின்றிக் கொடுக்கப்படும். அவர் அதைப் பயிரிட்டு, அடுத்த ஆண்டு விழாவிற்கு 4 கிலோவாகத் திருப்பிக் கொண்டு வரவேண்டும். 2 கிலோ என்ன பெரிது என்று எண்ணவேண்டாம். ஒற்றை நாற்று முறையில் அது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குப் போதும். ஒருவர் திருப்பிய 4 கிலோ அடுத்த ஆண்டு இருவருக்குப் போகும். அவர்கள் திருப்புவது நால்வருக்குப் போகும். எல்லோரும் வாக்குத் தவறாதிருந்தால் பத்தாம் ஆண்டு முடிவில் அந்த ஒரு கொடை 1,024 கொடையாகப் பெருகியிருக்கும். வாங்கிய எல்லோருமே திருப்பிவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிலர் திருப்பினாலும் விதை பெருகும் என்பதே இக்கணக்கின் அழகு.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் அந்தப் பகுதியைச் சூறையாடிற்று. அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் ஜெயராமன் அவர்கள் புற்றுநோயால் காலமானார். தலைவர் மறைந்ததும் பணியும் மறைவதையே நாம் பல இடங்களிலும் கண்டிருக்கிறோம். அங்கே அப்படி நிகழவில்லை. அவருக்குப் பின்னும் விழா நடந்தது. ஏன்? விதை ஒருவருடைய பெட்டகத்தில் பூட்டிக் கிடக்கவில்லை. ஊர்தோறும் வயல்களில் நின்றது. கடன்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களே விழாவின் உயிராயினர்.

மேல்நாட்டாரும் இவ்வழியைக் கண்டிருக்கிறார்கள். பழைய கோதுமை விதை தேடி அலைந்த ஷாரன் ரெம்பல் என்னும் பெண்மணி 1990ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரத் தாவரப் பூங்காவில் விதை பரிமாறும் சந்தையொன்றைத் தொடக்கி வைத்தார். இங்கிலாந்தில் பிரைட்டன் என்னும் கடற்கரைப் பட்டினத்திலும் 2002 முதல் தொண்டர்கள் அத்தகைய சந்தையை நடத்தி வந்திருக்கிறார்கள். வீட்டுத் தோட்டக்காரர்கள் தம் விதைகளை உறையிலிட்டுக் கொண்டு வந்து பிறர் விதையோடு மாற்றிக்கொள்வார்கள். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மேசையும் கடதாசி உறையும் நேரங் கொடுக்கும் மனிதருமே மூலதனம்.

"விஞ்ஞானம் புதிய விதை தருகிறதே, பழையது எதற்கு?" என்று படித்தவர்கள் கேட்கலாம். அதற்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து நாடெங்கும் புகழ்பெற்ற எச்-4 என்ற நெல்லுக்குத் தாய் தந்தையரில் ஒன்று இலங்கையின் பழைய முருங்கைக்காயன். நெற்பயிரைப் பட்டுப்போகச் செய்யும் கபிலத் தத்தியை எதிர்க்கும் ஆற்றலை ஆராய்ச்சியாளர்கள் கண்டெடுத்தது இங்குள்ள ரத்து ஹீனட்டியில். பழைய விதை அழிந்தால் புதிய விதை பிறக்கவும் வழியில்லை. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் பாட்டி கதைக்கு மட்டும் உரியவையல்ல.

நிற்க. நம் ஊரின் நிலை என்ன? யுத்தம் பல குடும்பங்களை வளவைப் பூட்டிவிட்டு ஓடச் செய்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி இக்கரையை அழித்தது. உயிரையும் வீட்டையும் இழந்த துயரத்தின் முன்னே, அடுக்களைப் பரணில் சாம்பல் கலந்து வைத்த கத்தரி விதையையும், வளையில் பிடிபிடியாகக் கட்டித் தொங்கவிட்ட விதை வெங்காயத்தையும் யார் கணக்கெடுப்பார்? ஆனால் அதுவும் ஓர் இழப்பே. 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை வந்தது. அவ்வாண்டு முடியுமுன்பே அது நீக்கப்பட்டது. அதற்குள் கமக்காரர் பட்ட பாட்டை நாம் கண்டோம். 2022இல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, அரசாங்க ஊழியர் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று விடுமுறை அளிக்கப்பட்டது. விடுமுறை கிடைத்தது; விதைக்கு எங்கே போவது? கட்டளையிட்டு ஒரு நாளில் தோட்டத்தை உண்டாக்கிவிட முடியாது. விதையும் அதை அறிந்த கையும் முன்னரே ஆயத்தமாக இருக்கவேண்டும்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். நம் மன்றம் விழா எடுக்கும்போது பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் காசு தேடுகிறோம். அதன் ஒரு மூலையிலே ஒரு மேசை போடுவோம். பயிற்றை, பாகல், புடோல், கத்தரி, மிளகாய், விதை வெங்காயம் என்று தாய்மார்களிடம் எஞ்சியிருப்பதைக் கொண்டு வரச் செய்வோம். ஒரு கொப்பியிலே கொடுத்தவர் பெயரையும் கொண்டுபோனவர் பெயரையும் எழுதுவோம். அடுத்த ஆண்டு இரட்டிப்பாகத் திருப்புவதே விதி. இங்கே இல்லாத இனங்களுக்குக் கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையத்தை அணுகிக் கேட்கலாம். கோணேசபுரி வளாகத்து மாணவரும் கைகொடுக்கலாம். எந்த விதை எந்த மாதத்தில் போடுவது, எப்படிக் காயவைப்பது என்று பெரியவர்கள் சொல்வதை எழுதி வைப்பது என் போன்றோரின் கடமை. அவர்கள் இருக்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாம் ஆண்டு மேசையில் பத்து உறைகளே இருக்கலாம். அதனால் வெட்கப்பட வேண்டியதில்லை. திருத்துறைப்பூண்டி விழாவும் கைப்பிடி நெல்லிலிருந்தே முளைத்தது. நமக்குச் சோதனை முதலாம் ஆண்டிலன்று, இரண்டாம் ஆண்டில்தான். கொண்டுபோனவர் திருப்பிக் கொண்டு வந்தால் நமக்கு விதை உண்டு. அதனினும் மேலாக, ஒருவரையொருவர் நம்பும் ஊர் உண்டு. கொப்பியை வாங்கி வைக்க நான் ஆயத்தம். முதற் பெயரை எழுதுவது யார் என்பதை நீங்கள் சொல்லவேண்டும்.