மதில் சுவருக்கு வெளியே
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம்தான் என்று செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாடு தயாராகிவிட்டது என்பதும் வாசனையிலேயே தெரிகிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு கல்லூரிக்கு என்ன வேலை? பாடம் நடத்துவது, ஆராய்ச்சி செய்வது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஊருக்குப் பயன்படுவது. அதற்கு ‘விரிவாக்கப் பணி’ என்று பெயர். மற்ற இரண்டுக்கும் சமமான கடமை இது என்று பல்கலைக்கழக மானியக் குழு 1977-லேயே சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், காந்தி நூற்றாண்டான 1969-ல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அதில் மண்வெட்டி பிடித்தவர்கள்தான்.

நல்ல முன்மாதிரிகளுக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமத்தில் 1956-ல் கிராமியக் கல்வி நிறுவனம் தோன்றியது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் வந்தபோது, அதை நடத்தும் பொறுப்பைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் ஏற்றது. 1991-ல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கையெழுத்தும் போட்டார்கள், பெடலும் மிதித்தார்கள். சைக்கிள் அவர்களுக்கு அன்றாடம் உதவிற்று. அதனால்தான் அந்த இயக்கம் இன்றும் பேசப்படுகிறது.

நாம் என்ன செய்கிறோம்? வருடத்துக்கு ஏழு நாள் சிறப்பு முகாம். கோயில் வாசலைச் சுத்தம் செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம், வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புகிறோம், போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறோம். மாணவனுக்கு அது நல்ல அனுபவம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர்க்காரர் கேட்கிற கேள்வி ஒன்று பாக்கி நிற்கிறது: “கேட்டு எழுதிட்டுப் போனீங்களே தம்பி, அப்புறம் என்ன ஆச்சு?”

வேதியியல் படித்தவன் என்பதால் என் துறையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். நம் ஆய்வகத்தில் மாணவர்கள் ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன் செய்து தண்ணீரின் கடினத்தன்மையைக் கணக்கிடுகிறார்கள். எந்தத் தண்ணீர்? ஆய்வக உதவியாளர் காலையில் கலந்து வைத்த தண்ணீர்! விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வி. மதில் சுவருக்கு அந்தப் பக்கம், விடை தெரியாத கிணறுகளும் போர்களும் எத்தனையோ இருக்கின்றன.

ஃபுளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசியிலும் தெரியாது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் கறை படியும். அளவு மிகவும் கூடினால் எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல் செயல்பாட்டுக்கு வந்தது.

அவ்வளவு பெரிய திட்டம் நம் கையில் இல்லை. அளந்து சொல்வது நம் கையில் இருக்கிறது. எனவே மூன்று யோசனைகளை இந்தச் சபை முன் வைக்கிறேன்.

ஒன்று: சுற்றியுள்ள ஐந்து கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, ஐந்து வருடம் விடாமல் அவற்றோடு இருப்போம். மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பொதுக் கிணற்றுத் தண்ணீரையும் மாணவர்கள் சோதிக்கட்டும். அளவு மீறித் தெரிந்தால், குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதி செய்துகொள்வோம். அரைகுறை முடிவைச் சொல்லி யாரையும் பயமுறுத்தக் கூடாது.

இரண்டு: முடிவை நல்ல தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி ஊருக்கே திருப்பிக் கொடுப்போம். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. அங்கே மாணவர்களே எழுந்து படிக்கட்டும். கேள்வி கேட்டால் பதில் சொல்லட்டும்.

மூன்று: செலவு நம்முடையது. இந்த வருடம் நுழைவு வளைவு கட்டலாம் என்று பேச்சு அடிபடுகிறது. வளைவு அழகுதான். ஆனால் அதே பணத்தில் ஃபுளோரைடு அளக்கும் கருவி, ரசாயனப் பொருள், மாணவர்களின் போக்குவரத்துச் செலவு எல்லாம் அடங்கும். எது முதலில் வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள்.

“சிலபஸ் முடிக்கவே நேரமில்லை சார்” என்று பேராசிரியர்கள் முணுமுணுப்பது கேட்கிறது. ஐயா, இதுவும் சிலபஸ்தான். அதே பியூரெட், அதே கணக்கு. பாட்டிலில் இருக்கிற தண்ணீர் மட்டும் வேறு. தன் கணக்கு தப்பினால் ஓர் ஊரே தவறான தண்ணீரைக் குடிக்கும் என்று தெரிந்த மாணவன் எவ்வளவு கவனமாக அளப்பான், நினைத்துப் பாருங்கள்.

இந்தக் கல்லூரி நமக்குக் கொடுத்ததில் ஊராரின் வரிப்பணமும் இருக்கிறது. அதில் கொஞ்சத்தையாவது திருப்பித் தருவோம். மாலையில் நடக்கும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன். சாப்பிட்ட மயக்கத்தில் யாரும் நழுவிவிடாமல் கை தூக்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.