நம் இளைஞரும் ஆங்கிலச் சொல்லறிவும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்திவரும் இச்சங்கத்தின் வெள்ளி விழாவில் பேசும் வாய்ப்பை நான் பெரும் பேறாகக் கருதுகின்றேன். ஆங்கிலச் சொல்லறிவைப் பெருக்கிக்கொள்வது எப்படி என்பது எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. இது வெறும் பாடநூல் செய்தி என்று சிலர் எண்ணலாம். அவ்வாறு எண்ணுவோர் பொருட்டு, என் வாழ்வில் நடந்த ஒன்றை முதலில் கூற விரும்புகின்றேன்.

1988ஆம் ஆண்டு நான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினேன். எங்கள் தெருவில் அந்த வகுப்பை எட்டிய இரண்டாமவன் நான். மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு நாள் அஞ்சல்காரர் ஓர் உறையைக் கொடுத்துச் சென்றார். உள்ளே நான்கு வரி ஆங்கிலம். தமிழ் வழியில் பயின்ற எனக்கு அதில் இரண்டு சொற்களே கண்ணில் பட்டன. ஒன்று ‘ஃபெயிலிங்’, மற்றொன்று ‘ரிஜெக்டட்’. நான் தவறிவிட்டேன், விண்ணப்பத்தையும் தள்ளிவிட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கரும்பு வெட்டிக் களைத்து வந்த அப்பாவிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. கடிதத்தைக் கூரையின் இறவாணத்தில் செருகிவிட்டு, மறுநாள் முதல் அவருடன் நானும் கரும்பு வெட்டச் சென்றேன்.

மூன்று வாரங்கள் கழிந்தபின் என் பள்ளி ஆசிரியர் ஒருவர் வழியில் என்னைக் கண்டு விசாரித்தார். வீட்டுக்கே வந்து அக்கடிதத்தை வாங்கிப் படித்தார். சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. சாதிச் சான்றிதழின் மூலப்படியைக் குறித்த நாளுக்குள் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கத் தவறினால்தான் விண்ணப்பம் தள்ளப்படும் என்று எழுதியிருக்கிறது” என்றார். அந்த நாள் கடந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. என் வாழ்வில் ஓராண்டு போயிற்று.

அக்கடிதத்தில் இருந்த தொடர் ‘ஃபெயிலிங் விச்’ என்பது. ‘அவ்வாறு செய்யத் தவறினால்’ என்பதே அதன் பொருள். தேர்வில் தவறுவதற்கும் அதற்கும் எத்தொடர்பும் இல்லை. அதே கடிதத்தில் ‘ஃபர்னிஷ்’ என்றொரு சொல்லும் இருந்தது. மேசை நாற்காலி பற்றிய சொல் என்றே அதை நினைத்தேன். ஓர் அலுவலகக் கடிதத்தில் ‘ஃபர்னிஷ்’ என்றால் ‘கேட்டதைக் கொடு’ என்று பொருள். இவ்விரண்டையும் அறிந்திருந்தால் அந்த ஓராண்டு எனக்கு மிஞ்சியிருக்கும்.

இளைஞர்களே! ஆங்கிலத்தில் சொற்கள் கடல்போல் இருக்கின்றனவே, எவற்றைக் கற்பது என்று நீங்கள் கேட்கலாம். கடல் முழுவதையும் குடிக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், 1953இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். சாதாரணமாக நாம் படிக்கும் ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இச்சொற்களாலேயே ஆனது. பள்ளிப் படிப்பை முடித்த நம் பிள்ளைகளுக்கு இவற்றுள் பெரும்பகுதி தெரியும். இவற்றுக்கு அடுத்த படியில்தான் நாம் இடறுகின்றோம். அந்தப் படிக்கும் ஒரு பட்டியல் உண்டு. கல்லூரி நூல்களில் அடிக்கடி வரும் 570 சொற்குடும்பங்களை ஏவரில் காக்ஸ்ஹெட் என்னும் அம்மையார் 2000ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். நாளொன்றுக்கு மூன்று சொல் வீதம் கற்றால் 190 நாள்களில் அப்பட்டியல் முடிந்துவிடும்.

இவற்றோடு, விண்ணப்பங்களிலும் அறிவிப்புகளிலும் வரும் சொற்களை நாம் தனியே கற்க வேண்டும். சிலவற்றை இங்கே விளக்குகின்றேன். இம்மலரில் அவை தமிழ் எழுத்தில் அச்சாகியிருந்தாலும், உங்கள் குறிப்பேட்டில் அகராதியைப் பார்த்து ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எலிஜிபிள்: விண்ணப்பிக்கவோ பெறவோ தகுதி உடைய. ‘ஷீ இஸ் எலிஜிபிள் ஃபார் த போஸ்ட்’ என்றால் அப்பணிக்கு அவள் தகுதி உடையவள் என்பது பொருள். பணி கிடைத்துவிட்டது என்று பொருளாகாது.

2. என்டைட்டில்டு: உரிமை உடைய. ‘ஹீ இஸ் என்டைட்டில்டு டு அ ஸ்காலர்ஷிப்’ என்றால் உதவித்தொகை அவனுக்கு உரியது என்று பொருள். முன்னைய சொல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். தகுதி உடையவன் பரிசீலிக்கும்படி கேட்கிறான். உரிமை உடையவன் தனக்குச் சேரவேண்டியதைக் கேட்கிறான். எந்த இடத்தில் எவ்வாறு கேட்கவேண்டும் என்பதை இவ்விரு சொற்களும் கற்றுத்தரும்.

3. எக்செம்ட்: விலக்கு அளிக்கப்பட்ட. ஒன்றியப் பொதுப்பணித் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுக்குப் பட்டியல் இனத்தவர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அறிவிப்பில் அதைச் சொல்லும் சொல் இதுவே. ‘எக்செம்ட் ஃப்ரம் ஃபீ’ என்று படித்தவுடன் பணத்தை எடுத்துவைத்துவிடலாம்.

4. ரிலாக்ஸேஷன்: பேச்சில் இதற்கு ஓய்வு என்று பொருள். அறிவிப்பில் வந்தால் விதியின் தளர்வு. ஒன்றிய அரசுப் பணிகளுக்கான நேரடித் தேர்வுகளில் நம் பிரிவினருக்கு உச்ச வயது வரம்பில் 5 ஆண்டுகள் தளர்வு உண்டு. இச்சொல்லை அறியாமல், வயது கடந்துவிட்டது என்று எண்ணி விண்ணப்பிக்காமலே இருந்துவிட்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கின்றேன்.

5. ஷல், மே: பள்ளியில் ‘ஷல்’ என்பதை எதிர்காலம் காட்டும் சொல் என்று படித்தோம். விதியிலும் சட்டத்திலும் அது கட்டாயத்தைக் குறிக்கும். ‘மே’ என்பது விருப்பத்தையோ அனுமதியையோ குறிக்கும். ‘யூ ஷல் பிரிங்’ என்றால் கொண்டுவந்தே ஆகவேண்டும். ‘யூ மே பிரிங்’ என்றால் கொண்டுவரலாம்.

6. அன்லெஸ்: ஒன்று நடந்தாலன்றி. ‘யூ கெனாட் என்டர் அன்லெஸ் யூ ஹேவ் அ ஹால் டிக்கெட்’ என்றால் நுழைவுச்சீட்டு இருந்தாலன்றி உள்ளே செல்ல இயலாது என்று பொருள். இச்சொல்லிலேயே ‘இல்லை’ என்னும் பொருள் அடங்கியிருப்பதால் இதனோடு ‘நாட்’ என்பதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி, நம் வாழ்வோடு இன்னும் நெருங்கிய சில சொற்களைப் பார்ப்போம். 1950 சனவரி 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அதன் ஆங்கில மூலத்தில் வரும் சொற்கள் ஒவ்வொன்றும் கற்கத்தக்கவை. ‘அபாலிஷ்’ என்றால் ஒரு வழக்கத்தைச் சட்டத்தால் அடியோடு முடிவுக்குக் கொண்டுவருதல். ‘ஃபர்பிட்’ என்றால் கூடாது எனத் தடுத்தல். ‘என்ஃபோர்ஸ்’ என்றால் ஒன்றைப் பிறர்மீது வலிந்து செயற்படுத்துதல். ‘டிஸெபிலிட்டி’ என்னும் சொல்லை உடற்குறை என்றே நாம் அறிவோம். இவ்வுறுப்பில் அதற்கு, ஒருவர்மீது சுமத்தப்படும் தடை என்று பொருள். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைப்பது அத்தகைய தடை. பொதுக் கிணற்றில் நீர் எடுக்க விடாததும் அத்தகைய தடையே. குறை நம் உடலிலும் இல்லை, பிறப்பிலும் இல்லை. நம்மீது சுமத்துகிறவனிடமே இருக்கிறது என்பதை அந்த ஒரு சொல் உணர்த்துகிறது.

சொல்லின் வலிமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆசிரியராய் இருந்து பொதுவாழ்வுக்கு வந்த எம்.சி. இராஜா அவர்கள் 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக, இழிவு தொனித்த பழைய பெயர்களுக்கு மாறாக ‘ஆதி திராவிடர்’ என்னும் பெயர் அரசுப் பதிவேடுகளில் ஏறியது. 1930இல் இலண்டனில் கூடிய வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனாரும் நம் மக்களின் குரலை ஒலித்தனர். ஆளவந்தவரின் மொழியிலேயே அவர்களுக்கு விளங்கும்படி பேசவேண்டியிருந்தது, பேசினார்கள்.

அண்ணல் 1936இல் இலாகூர் மாநாட்டுக்கென ஆங்கிலத்தில் ஒரு தலைமையுரை எழுதினார். அழைத்தவர்கள் சில பகுதிகளை நீக்கக் கோரினர். ஒரு காற்புள்ளியையும் மாற்ற இயலாது என்று அவர் மறுத்துவிட்டார். மாநாடு கைவிடப்பட்டது. உரையை அவரே அச்சிட்டு வெளியிட்டார். அதன் பெயரில் சாதியைக் குறித்து அவர் ஆண்ட சொல் ‘அனிஹிலேஷன்’. ‘ரிஃபார்ம்’ என்றால் இருப்பதை வைத்துக்கொண்டே திருத்துதல். ‘அபாலிஷ்’ என்றால் சட்டத்தால் ஒழித்தல். ‘அனிஹிலேட்’ என்றால் இருந்த சுவடே இல்லாமல் அழித்தல். மூன்றும் அவர் அறிந்த சொற்களே. அவற்றுள் மூன்றாவதை ஏன் தேர்ந்தார் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்தவனே அந்நூலின் பெயரையாவது முழுமையாகப் படித்தவன் ஆவான்.

இனிக் கற்கும் முறையைக் கூறுகின்றேன். நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். ஒரு சொல்லை எழுதி, எதிரே எளிய பொருளை உங்கள் சொந்த நடையில் எழுதுங்கள். பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் மூன்றாம் நாள் மறந்துவிடும். ஆகையால் அச்சொல்லை வைத்து உங்கள் வீட்டைப் பற்றியோ தெருவைப் பற்றியோ ஒரு வாக்கியம் எழுதுங்கள். என் மாணவி ஒருத்தி ‘ரிலையபிள்’ என்னும் சொல்லுக்கு, ‘அவர் ஹேண்ட் பம்ப் இஸ் மோர் ரிலையபிள் தேன் த டேப்’ என்று எழுதினாள். எங்கள் குழாயை விடக் கைப்பம்பே நம்பத்தக்கது என்பது பொருள். அச்சொல்லை அவள் இனி மறக்கமாட்டாள்.

அடுத்து, சொல்லின் உறவினரையும் சேர்த்து எழுதுங்கள். ‘எலிஜிபிள்’ வந்தால் ‘எலிஜிபிலிட்டி’, ‘இன்எலிஜிபிள்’ ஆகியவையும் உடன் வரட்டும். அதனோடு இணைந்து வரும் சிறுசொல்லையும் விடாதீர்கள். ‘எலிஜிபிள் ஃபார்’, ‘என்டைட்டில்டு டு’, ‘எக்செம்ட் ஃப்ரம்’, ‘கம்ப்ளை வித்’ என இணைத்தே படியுங்கள். எழுதியதை மறுநாள் ஒரு முறையும், ஒரு வாரம் சென்று ஒரு முறையும், ஒரு திங்கள் சென்று ஒரு முறையும் பாருங்கள். இப்போது எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது; அதில் அகராதியும் இருக்கிறது. ஒலிப்பைக் கேட்டுப் பழகுங்கள். ஆனால் எழுதுவதைக் கையாலேயே எழுதுங்கள்.

தாய்மொழியைத் தாழ்த்தி ஆங்கிலத்தை உயர்த்த நான் இங்கு வரவில்லை. நம் அறிவுக்குத் தமிழே வேர். நான்கு ஆங்கிலச் சொல் கற்றவுடன் அம்மாவின் பேச்சைக் கண்டு நாணுகின்ற பிள்ளை ஒன்றும் கல்லாதவனே. கற்றவன், வீட்டுக்கு வரும் கடிதத்தை அம்மாவுக்குப் புரியும் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் இங்கே கொண்டுவந்து படிக்கச் சொல்லலாம் என்றொரு வழக்கத்தை இச்சங்கம் ஏற்படுத்த வேண்டும் என்று பொறுப்பாளர்களை வேண்டிக்கொள்கின்றேன். இறவாணத்தில் இனி ஒரு கடிதமும் தங்கக் கூடாது.

முடிக்கும் முன் ஒன்று. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. 2015இல் அது திருத்தப்பட்டபோது, காவல் நிலைய அலுவலரின் கடமைகள் அதில் விரித்து எழுதப்பட்டன. வாய்மொழியாகத் தரும் புகாரை எழுதியபின், கையொப்பம் வாங்குமுன் அதைப் படித்துக் காட்ட வேண்டும். பதிவு செய்த புகாரின் படியை உடனே புகார் தந்தவருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் ‘கொடுக்க வேண்டும்’ என்னும் இடத்தில் சட்டம் ஆண்டிருக்கும் ஆங்கிலச் சொல் ‘ஃபர்னிஷ்’. ஒரு காலத்தில் எனக்கு ஓராண்டை இழப்பித்த அதே சொல். அன்று அது நான் கொடுக்க வேண்டியதைச் சொன்னது. இன்று நமக்குக் கொடுக்கப்பட வேண்டியதைச் சொல்கிறது. நாளைக்கு ஒரு காவல் நிலைய வாசலில் நம் தெருப் பிள்ளை ஒருவன் அச்சொல்லை எடுத்துக்காட்டிப் படியைக் கேட்டுப் பெறுவானானால், இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு உழைப்பும் பயன்பெற்றதாகும்.

இன்றிரவே குறிப்பேட்டில் முதல் மூன்று சொற்களை எழுதுங்கள்.