ஊசிக்கு அஞ்சுதல் வேண்டா
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மார்பகப் புற்றுநோய் பற்றி, அதிலும் ‘பயாப்சி’ என்னும் திசுச் சோதனை பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்பதே என் துணிபு. இவ்வெள்ளகோவில் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடங்களிலும் முருங்கைக் காடுகளிலும் உழைக்கும் நம் பெண்டிரை அச்சுறுத்துவது இந்நோய் மட்டுமன்று. “கட்டியில் ஊசி குத்தினால் உடம்பெல்லாம் பரவிவிடும்” என்னும் ஒரு சொல்லும் அவர்களை அச்சுறுத்துகின்றது. அதனைச் சொல்வோர் தீய எண்ணத்தால் சொல்வதில்லை. ஊசிச் சோதனை செய்துகொண்ட ஒருத்தி சில திங்களில் இறந்ததைக் கண்டு சொல்கின்றனர். அவள் மருத்துவமனைக்கு வந்தபோதே கட்டி முற்றிப் புண்ணாகியிருந்தது என்பது அவர்கள் நினைவில் நிற்பதில்லை.

ஊசி சென்ற வழியில் சிற்சில புற்றணுக்கள் இடம்பெயர்வதை ஆய்வாளர் நுண்ணோக்கியில் கண்டதுண்டு. இதனை மறைப்பானேன்? ஆயினும் சோதனை செய்துகொண்ட பெண்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்ததில், ஊசியினால் அவர்தம் ஆயுள் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆயுளைக் குறைப்பது காலதாமதமே.

முற்காலத்தில் நிலைமை வேறு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அதனடித் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றுவர். பின்னாளில் பெண்ணை மயக்கத்தில் கிடத்திக் கட்டியில் ஒரு துண்டை வெட்டி, உறைய வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, புற்றெனின் அப்பொழுதே மார்பகத்தையும் அகற்றிவிடும் வழக்கம் பரவியது. கண்விழிக்கும்போது மார்பகம் இருக்குமோ இராதோ என்று அறியாமலே அவள் மயக்கத்துள் செல்ல வேண்டியிருந்தது. 1974இல் ரோஸ் குஷ்னர் என்னும் பத்திரிகையாளர் தமக்கே இந்நோய் வந்தபோது, முதலில் சோதனை, பிறகு தம் ஒப்புதலோடு சிகிச்சை என்று வற்புறுத்தினார். 1979இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழுவும் இவ்விரு படி முறையையே ஏற்றது. கேள்வி கேட்கத் துணிந்த ஒரு பெண்ணின் பங்கு இதில் சிறிதன்று. 1985இல் பெர்னார்ட் பிஷர் குழுவினரின் ஆய்வு, தொடக்க நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளித்தாலும் மார்பகம் முழுவதையும் அகற்றியதற்கு ஈடான ஆயுள் கிட்டும் என்று காட்டியது.

நம் தமிழகத்திலும் இத்துறைக்கு வித்திட்டவர் ஒரு பெண்மணியே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் மாண்டார்; அது முதலில் வயிற்றுக்கடுப்பு என்றே கருதப்பட்டதாம். அத்துயரமே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. அங்கு டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், முற்றிய மார்பகப் புற்றுக்கு மருந்தும் கதிர்வீச்சும் முதலில் கொடுத்துப் பின்னரே அறுவை செய்யும் முறையை வளர்த்தனர். அறுவைக்கு முன்பே நோய் இன்னதென்று தெளிந்தாலன்றி அவ்வாறு செய்ய இயலுமா?

இனிச் சோதனை வகைகளுக்கு வருவோம். மெல்லிய ஊசியால் உறிஞ்சுவது எப்.என்.ஏ.சி. எனப்படும். அது எளிது, செலவும் குறைவு. ஆனால் தனித்தனி அணுக்களே கிட்டும். புற்று தான் தோன்றிய குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, அதனை உடைத்துப் பரவியதா என்று அதனால் சொல்ல முடியாது. ‘கோர் பயாப்சி’ என்பது சற்றுப் பருத்த ஊசியால் நூலிழை போன்ற சதைத் துண்டுகள் சிலவற்றை எடுப்பது. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்து சில நிமிடங்களில் முடித்துவிடுவர். தையல் வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம். அத்துண்டிலிருந்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன், ஹெர்-2 ஆகிய ஏற்பிகள் உண்டா என்று காண்பர். சிகிச்சையின் போக்கே இதனைப் பொறுத்தது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர் ஐந்தாண்டு டாமோக்சிபென் மாத்திரை உட்கொண்டால், இந்நோயால் இறப்பது மூன்றில் ஒரு பங்களவு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்க்கு அம்மாத்திரையால் பயனில்லை.

நான் மிகவும் வருந்துவது வேறொன்றுக்கு. “சின்னக் கட்டிதான்” என்று சிற்றூர் மருந்தகங்களில் முன்சோதனையின்றி அறுத்தெடுத்து, எடுத்ததை ஆய்வகத்திற்கும் அனுப்பாமல் எறிந்துவிடும் கொடுமை இன்றும் உள்ளது. ஆறு திங்கள் கழித்து அக்குளில் முடிச்சு தோன்றும்போது, முதற்கட்டி எவ்வளவு இருந்தது, விளிம்பில் நோய் எஞ்சியதா என்று கேட்டால் சொல்வாரில்லை. நம்மவர் அங்கே கேள்வி கேட்பதுமில்லை. தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி நிற்கப் பழக்கப்பட்டோர்க்கு, வெள்ளைக் கோட்டின் முன் வாய் திறப்பது எளிதோ?

ஆகவே படித்த பிள்ளைகளே, அன்னையோடும் அத்தையோடும் நீங்கள் செல்லுங்கள். “அறுக்குமுன் ஊசிச் சோதனை செய்தீர்களா?” என்று பணிவோடு, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். எடுத்த சதையை உறவினர் கையிலேயே கொடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புவது நம் ஊர்களில் உண்டு. அப்புட்டியில் இருப்பது வெறுந்தண்ணீரன்று, பார்மலின்தான் என்று உறுதி செய்யுங்கள். பெயரும் நாளும் எழுதியுள்ளதா என்று பாருங்கள். அன்றே கொண்டு சேருங்கள். காலங்கடந்தால் ஏற்பிச் சோதனை பிழைபடும். அறிக்கையின் மூலப்படியை வீட்டில் வைத்து நகலை மருத்துவரிடம் கொடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறவும் அத்தாளே துணை. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இங்கிருந்து காங்கயம், பல்லடம் வழியாகப் பேருந்து உண்டு. ஒருநாள் கூலி போகும் என்பது மெய்தான். முடிந்தால் கழகம் அக்கூலியை ஈடுசெய்ய ஒரு சிறு நிதி தொடங்கலாம். செயலாளர் இதனைக் கருதுவாராக.

கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998 முதல் ஒன்றரை இலட்சம் பெண்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. பயிற்சி பெற்ற மகளிர் பணியாளர் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்ததிலேயே, 50 வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே இந்நோயால் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்ததாம். இளம் வயதினரிடம் அத்தகைய பயன் தெரியவில்லை.

இளைஞர்கள் தம் ஐயங்களை இங்கேயே கேட்கலாம். தாய்மார்கள் தனியே கேட்க விரும்பினால் பக்கத்து அறையில் செவிலியர் அம்மையார் இருக்கிறார்.